பாதி தின்ற பூசணிப்பூ

மக்களே,

நாங்கள் சுகம், மாடு சுகம், மாட்டுக்கு வைத்த தவிட்டைத் திருடித் தின்கிற எலியும் சுகம். கடிதத்துக்கு முன்வாசல் பெருக்கியாயிற்று; இனி நீ உள்ளே வரலாம், மகனே.

உன் கடிதம் வந்தபோது நான் முற்றத்தில் மரச்சீனிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நெருங்கிவிட்டதே, பந்தலைப் பற்றியோ பாயாசத்தைப் பற்றியோ எழுதியிருப்பாய் என்று நினைத்து, கையைச் சேலையில் துடைத்துவிட்டு உரக்கவே வாசிக்கத் தொடங்கினேன். கட்டிலில் கிடந்த உன் அப்பா எழுந்து உட்கார்ந்து காதை இந்தப் பக்கம் திருப்பினார். திருவனந்தபுரத்தில் நீ வேலைக்குப் போகிற வழியில் பழைய சாமான் விற்கும் கடை இருக்கிறது என்பதுவரை வாசித்தேன். அங்கே ஒரு பூப்படம் விற்பனைக்கு மாட்டியிருக்கிறது என்ற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. "ஏட்டி, என்ன நிறுத்திட்டே?" என்றார். "கையெழுத்து மனசிலாவல்ல. கோழி கிண்டுன மாதிரி எழுதியிருக்கான்" என்றேன். "அவன் நல்லாத்தானே எழுதுவான்?" "கல்யாணம் வருவுதுல்லா, கை நடுங்குதாக்கும்." அவர் சிரித்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார். மிச்சத்தை நான் வாய்க்குள்ளேயே வாசித்தேன். கிழங்கு உரிப்பது அதற்குப் பிறகு நடக்கவில்லை.

நீலக்கரை போட்ட வெள்ளைப் பிஞ்ஞாணக் கோப்பை, அதில் திணித்த பலவகைப் பூக்கள், தேக்குச் சட்டம் என்று எழுதியிருக்கிறாய். கிட்டே போனால் சாயத்தை அப்பியதுபோல இருக்கிறது, நாலடி தள்ளி நின்றால் பூ எழுந்து நிற்கிறது என்கிறாய். இதற்கு இம்ப்ரஷனிசம் என்று கடைக்காரர் பேர் சொன்னாராம். அந்தப் பேரை வாசித்து முடிக்க எனக்கு நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கண் பார்த்த கணத்தில் மனதில் பதிந்ததை அப்படியே வரைவது என்று நீயே அர்த்தமும் எழுதியிருக்கிறாய். கடைசியில், "லில்லி அக்கா வைத்த பூ இதுதானா அம்மா? இதுதான் என்றால் கல்யாணக் கோட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் வாங்கிவிடுவேன்" என்று கேட்டிருக்கிறாய்.

இதுவாக இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் நீ முழுவதையும் கேட்க வேண்டும். படம் ஏலத்தில் போய்விட்டது என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். எப்படிப் போயிற்று என்று சொன்னதில்லை. அப்பா வீட்டில் இருக்கும்போது அதைச் சொல்ல முடியாது. அப்பா வீட்டில் இல்லாமல் இருந்ததும் கிடையாது.

உன் அக்காளைப் பெற்றபோது எனக்கே பதினாறு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மாவின் குடைக்குள் அவரைக்காயைப் போட்டு வைத்து, மழைநாளில் அவர் தலையில் காய் கொட்ட வைத்தவள் நான். கல்யாணம் ஆனால் அடங்கிவிடுவாள் என்று நினைத்தார்கள். அடங்கவில்லை, துணைக்கு ஆளைப் பெற்றுக்கொண்டேன். லில்லி பேசத் தொடங்கியதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் ஒரு கட்சி, உன் அப்பா ஒரு கட்சி. அவர் வேட்டி நுனியைத் தூங்கும்போது கட்டில்காலில் கட்டி வைப்போம். "எவளாக்கும் கட்டுனது?" என்று எழும்பினால், நான் அவளைக் காட்டுவேன், அவள் என்னைக் காட்டுவாள். இரண்டு பேரையும் ஒருமிக்க அடிக்கக் கை போதாமல் அவர் சிரித்துவிடுவார். பிறகு நீ பிறந்தாய். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் ஊர் சுற்றினாள். நீ நடக்கப் பிந்தியதற்கு அவள் இடுப்புதான் காரணம்.

அந்த வருஷம், தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரின் தங்கை கடல்காற்று உடம்புக்கு நல்லது என்று நம் ஊர் மேட்டுப் பங்களாவில் வந்து தங்கியிருந்தாள். நாங்கள் மதாம்மா என்போம். பிரான்சு தேசத்தில் படம் வரையப் படித்தவளாம். வெயில் சாய்கிற நேரம் மூன்றுகால் பலகையைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒருநாள் நம் முற்றத்தில் வந்து நின்று, "நல்ல பூ கொண்டு வா, குட்டி" என்று லில்லியிடம் கேட்டாள். பங்களாத் தோட்டத்தில் இல்லாத ரோசாவா? அதையெல்லாம் விட்டு இங்கே கேட்டால் லில்லி சும்மா விடுவாளா? வேலியில் கிடந்த கொங்கிணிப்பூ, வழியோரத்துத் தொட்டாவாடி, முருங்கைப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று கண்டதையெல்லாம் பறித்து, உன் அப்பா கருப்பட்டிக்காப்பி குடிக்கிற கோப்பையில் திணித்து, நடுவில் நம் கொடியிலிருந்து ஒரு பெரிய பூசணிப்பூவையும் சொருகினாள். ஒவ்வொன்றுக்கும் வாயில் வந்த பேர் சொன்னாள். தொட்டாவாடிக்கு மகாராணிப்பூ. முருங்கைப்பூவுக்கு மந்திரிப்பூ. மதாம்மா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள்.

"மத்தம்பூவை மட்டும் ஏம்பிளே பூசணிப்பூண்ணு புஸ்தகத்துப் பேரு சொன்னே?" என்று காதோரம் கேட்டேன். "அப்பத்தானே அவ அத நல்லா பூசணும்னு நெனப்பா!" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன்.

மதாம்மா வரைந்துகொண்டிருக்கும்போது நீ தவழ்ந்து போய் அந்தப் பூசணிப்பூவை எட்டிப் பிடித்துப் பாதியைத் தின்றுவிட்டாய். லில்லி கத்தினாள். மதாம்மா கத்தவில்லை. பாதி போன பூவை அப்படியே வரைந்தாள். எல்லாம் முடிந்து அவள் தூரிகை கழுவப் போன நேரத்தில், உன் அக்காள் சும்மா இருப்பாளா? தட்டில் மிச்சமிருந்த வெள்ளைச் சாயத்தில் விரலைத் தோய்த்துப் படத்தின் கீழே ஒரு குத்து குத்தினாள். சாயம் வெண்ணெய் மாதிரி தடிமனாக இருந்ததால் விரல் குழியோடு பதிந்துவிட்டது. மதாம்மா திரும்பி வந்து பார்த்தாள். லில்லி உன்னைக் கை காட்டினாள். மதாம்மா உன் கையைத் திருப்பிப் பார்த்தாள், லில்லியின் கையையும் திருப்பிப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "இருக்கட்டும்" என்றாள். இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு தீற்றல் தீற்றி, கோப்பையிலிருந்து உதிர்ந்து கிடக்கிற நந்தியாவட்டை ஆக்கிவிட்டாள். அன்று இரவு உன் அப்பா தன் கோப்பையைத் தேடிவிட்டு, "படத்துல போயி குடிச்சணுமோ காப்பி?" என்றார். மதாம்மா படத்தைக் கொண்டுபோகும் முன் அவர் அந்த விரல்குழிவரை கிட்டே போய்ப் பார்த்து, பூவைக் காணோம் என்று நின்றிருந்தார். "தூரத்துல பூ, பக்கத்துல பூச்சு" என்று லில்லி அவருக்கு விளக்கம் சொன்னாள்.

ஆடி மாதம் மதாம்மா சீமைக்குத் திரும்பினாள். போகும்போது சில சாமான்களைக் நம் வேதக்கோயிலுக்கென்று உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அறுப்புப் பண்டிகை ஏலத்தில் போட்டு வருகிறதைக் கோயில் கூரை ஓட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாளாம். அதில் இந்தப் படமும் இருந்தது. பிள்ளையின் ஊருக்கே பிள்ளையின் படத்தை விட்டுப்போகிறோம் என்று நல்ல மனதோடுதான் செய்திருப்பாள். ஐப்பசி மழையில் உன் அக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே செய்யாததில்லை. திரும்பி வரும்போது உன் அப்பா வண்டியில் ஏறவில்லை. வழி முழுக்க நடந்தே வந்தார். அதற்குமேல் இதை நான் எழுதப்போவதில்லை. அவளைப் போட்டோ பிடித்து வைக்க நமக்கு அந்தக் காலத்தில் வகை ஏது? உடுப்புகளைக் காய்ச்சலுக்குப் பயந்து எரித்தார்கள். ஆக, அவள் கைப்பட்டு மிஞ்சினது உபதேசியார் வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருந்த அந்தப் படம் ஒன்றுதான்.

நம் அறுப்புப் பண்டிகை ஏலம் உனக்குத் தெரியும். உன் மனைவியாக வரப்போகிறவள் பட்டணத்துப் பிள்ளை, அவளுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளும் வாசிக்கட்டும், அவளுக்காகச் சொல்கிறேன். விளைந்ததில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதை ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவரிடம் உபதேசியார், "கொண்டு போறீரா, திரும்பப் படைக்கீரா?" என்று கேட்பார். திரும்பப் படைத்தால் அதே பலாப்பழம் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே பழம் மூன்று தடவை விலைபோய்க் கோயிலுக்கு மும்மடங்கு சேரும். ஒருமுறை திரும்பப் படைத்தவர் அதையே மறுபடி கேட்கக்கூடாது. கொடுத்ததைக் கடவுளிடமிருந்து பறித்தது ஆகிவிடும். உன் அப்பா வருஷா வருஷம் ஏத்தன் வாழைக்குலை படைப்பார், ஒரு பலாப்பழத்தை ஏலம் எடுப்பார், அதைத் திரும்பப் படைப்பார். அதில் அவருக்கு ஊரில் பெரிய பேர். "கடவுள் ஒருக்காத்தான் படைச்சாரு, இவரு ரெண்டுமட்டம் படைப்பாராக்கும்" என்று நான் சிரிப்பேன்.

அந்த வருஷம் வீட்டிலிருந்து புறப்படும்போது, "படத்தை எப்பிடியும் எடுத்துப்போடணும்" என்று மட்டும் சொன்னேன். "பின்னே எடுக்காம?" என்றார். ஆண்கள் வடக்கே, பெண்கள் தெற்கே பாய்களில் உட்கார்ந்திருந்தோம். குலைகளும் கோழிகளும் போன பிறகு உபதேசியார் படத்தைத் தூக்கிக் காட்டினார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு இளவட்டம், "இது பூவா ஓய், கோழி மிதிச்ச கோலமா?" என்றான். பக்கத்தில் இருந்தவர் அவன் தொடையில் கிள்ளி, "மிண்டாத இருலே. செத்துப்போன பிள்ள வச்ச பூவாக்கும்" என்றார். உன் அப்பா எழுந்து விலை கேட்டார். அதன்பிறகு ஒருவர் வாயும் திறக்கவில்லை. எதற்கும் போட்டி போடுகிற கொப்பரை வியாபாரிகூடத் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் முழுக்கச் சேர்ந்து அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். நான் மூச்சு விட்டேன். உபதேசியார், பாவம், எல்லோரிடமும் கேட்டதைப்போல இவரிடமும் கேட்டார்: "கொண்டு போறீரா, திரும்பப் படைக்கீரா?"

"திரும்பப் படைக்கேன்" என்றார் உன் அப்பா.

வருஷக்கணக்காக அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதிலைத்தான் அவர் வாய் சொல்லியிருக்கிறது. மனது எங்கேயோ நெய்யூர் வழியில் நடந்துகொண்டிருக்க, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன உடனே அவர் முகம் போன போக்கை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் திருத்திச் சொல்வதற்குள் முற்றம் முழுக்க "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று எழுந்தது. பெற்ற பிள்ளையின் ஞாபகத்தையே கடவுளுக்குக் கொடுத்துவிட்டாரே என்று பெண்கள் அழுதார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, "உனக்க மாப்பிள்ளக்க விசுவாசம் ஆருக்கு வரும்பிளே?" என்றாள். எழுந்து நின்று, அது விசுவாசமில்லை, பழக்கதோஷம் என்று நான் கத்தியிருக்கலாம். வாயாடி என்று பேர் எடுத்தவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. கொப்பரை வியாபாரி எழுந்து, அப்படிப்பட்ட காணிக்கை குறைந்த விலைக்குப் போகக்கூடாது என்று, யாரும் எட்ட முடியாத விலை சொல்லி எடுத்தார். நேரே எங்களிடம் வந்து, "உங்க பிள்ளக்க பேருக்காக்கும் கேட்டது" என்றார். அவர் கண் நனைந்திருந்தது. அந்த மனிதரிடம் எப்படித் திருப்பிக் கேட்பது, சொல்லு. அன்றைக்கு ஒரு கெட்டவன்கூட அங்கே இல்லை மக்களே. இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

வீட்டுக்கு வரும் வழியில் கால்வாய்ப் பாலத்தில் அவர் நின்றார். "ஏட்டி, வாயி சொல்லிப்போட்டு" என்றார். நான் உன்னை அவர் தோளில் தூக்கி வைத்தேன். கொஞ்சநாள் கழித்து வெட்கத்தை விட்டுக் கொப்பரை வியாபாரி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். படத்தை மகளுக்குச் சீதனத்தோடு கொடுத்துவிட்டார், அவள் வக்கீல் மாப்பிள்ளையோடு திருவனந்தபுரம் போய்விட்டாள் என்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், உன் கடையில் தொங்குவது அதுவாக இருக்கலாம். அன்றிலிருந்து உன் அப்பா ஏத்தன்குலை படைக்காத வருஷம் கிடையாது. ஆனால் ஏலம் தொடங்கினதும் எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்று, கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் தண்ணீர் இறைத்துக் கொடுப்பார். நீ சின்னப் பிள்ளையில், "அப்பா ஏன் ஏலத்துக்கு வரல்ல?" என்று கேட்டதற்கு, "அவருக்குத் தண்ணித் தாகம்" என்று சொன்னேன். என் வாய்க்குத் தப்பினவர் இந்த ஊரில் எவருமில்லை. ஆனால் இந்த ஒன்றை வைத்து நான் அவரைக் கேலி செய்ததில்லை.

இப்போது அவர் கண் விஷயம். நீ போன மாதம் வந்தபோது உன்னிடம் மறைத்தார். உன் காலடி கேட்டு முகத்தை உன் பக்கம் திருப்பினார், நீயும் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டாய். இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. ஒன்றுக்கு இனிமேல் செய்ய வழியில்லை, மற்றதில் நிழலும் வெளிச்சமும் கொஞ்சநாள் நிற்கும் என்கிறார்கள். "தோட்டம் போட்டவருக்க கண்ணுலயும் பூக்குவு" என்று நான் சொன்னதற்கு அவரும் சிரித்தார். பிறகு, "எல்லாம் அந்த மதாம்மா படம் மாதிரியாக்கும் தெரியுவு ஏட்டி. தள்ளி நிண்ணு பாத்தாலும் பூ ஆவமாட்டேங்குவு" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. அடுத்த வாரம் உன் கடிதம் வருகிறது. நான் கிழங்கை எப்படி உரிப்பேன்?

ஆகவே வாங்கு என்று சொல்லத்தான் என் கை துடிக்கிறது. கோட்டு இல்லாமல் நின்றாலும் தாலி கட்டலாம். கோட்டை விட்டுவிடு, படத்தைக் கோட்டை விட்டுவிடாதே என்று எழுதவும் தோன்றுகிறது, எழுதியும்விட்டேன். ஆனால் அதற்கு முன் ஒன்று செய். உனக்கு வரப்போகிறவளிடம் போய்க் கேள். கோட்டுப் போட்ட மாப்பிள்ளையைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருக்கும், அவள் வீட்டாருக்கு அது கௌரவமாகவும் இருக்கும். கல்யாணத்துக்குப் புத்தி சொல் என்று என்னிடம் கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்: இரண்டு பேருக்கும் சொந்தமான ஒன்றைக் கொடுக்கவோ எடுக்கவோ வாய் திறக்கும் முன், திரும்பி அவள் முகத்தைப் பார். உன் அப்பா அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருந்தால் என் முகத்தில் பதில் இருந்தது. அவர் மோசமான மனிதர் அல்ல; இவரைவிட நல்லவரை நான் கண்டதில்லை. ஆண்கள் வடக்கே, பெண்கள் தெற்கே உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். உன் வீட்டில் பாயை அப்படி விரிக்காதே. அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு, மனத்தாங்கல் வைக்காதே.

அவள் சரி என்றால், வாங்கிக்கொண்டு வா. அப்பாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ அரிசி விலை எழுதியிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பவில்லை, "கல்யாணம் வச்சிருக்கவன் அரிசி வெல எழுதுவானா?" என்று இப்போதும் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். படத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் அவர் மடியில் வை. அவர் பார்க்க வேண்டியதில்லை. மதாம்மா சாயத்தை அவ்வளவு தடிமனாகத்தான் பூசியிருக்கிறாள்; தடவிப் பார்த்தால் எது கோப்பை, எது இலை என்று கைக்குத் தெரியும். மண்வெட்டி பிடித்த அவர் கை கண்ணைவிடக் கெட்டிக்காரக் கை. மெதுவாகத் தடவி அது கீழே வரும். அந்தக் குழியில் வந்து நிற்கும். அப்போது நாம் இரண்டு பேரும் மூச்சு விடாமல் இருக்க வேண்டும். லில்லி போனபிறகு இந்த வீட்டில் என் கட்சிக்கு ஆளில்லை. இந்த ஒரு குறும்புக்கு நீ வா.

அது இருக்கட்டும், அடையாளம் கேட்டாயல்லவா? நடுவில் இருக்கும் மஞ்சள் பூவைப் பார். அதில் பாதி இல்லையென்றால், தின்றவன் நீ. பிறகு கோப்பையின் காலடியில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளைப்பூவைப் பார். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் உன் விரலை அதில் வை. ஆள்காட்டி விரல் வேண்டாம், சுண்டுவிரலை வைத்துப் பார். நுழையாது. நீ வளர்ந்துவிட்டாய், அவள் அங்கேயே நிற்கிறாள். அதைப் பார்த்து, இவ்வளவு சின்னப் பிள்ளையா என்று மட்டும் நினைத்துவிடாதே, மக்களே. அவள் உனக்கு அக்காள். அந்த விரலைப் பிடித்துத்தான் நீ நடக்கப் படித்தாய்.

உன் அம்மை